உப்பில் வளரும் ஆற்று இறால்

வீட்டுத் தொட்டியில் இறால் முட்டை சுமக்கும், பொரிக்கும்; சில நாளில் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது. ஏன்?

விடை 1961-இல் பினாங்கில் கிடைத்தது. நம்ம ஊர்ச் சந்தைக்கும் வரும் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகள் உவர்நீரில்தான் பிழைக்கும் என்று ஷாவ்-வென் லிங் கண்டுபிடித்தார். தாய்க்கு ஆறு, பிள்ளைக்கு முகத்துவாரம்! பாசி தின்பதற்காகத் தகாஷி அமானோ 1980-களில் தொட்டிக்குக் கொண்டுவந்த ஜப்பானிய இறாலும் இதே ரகம்.

செர்ரி இறாலுக்கு உப்பே வேண்டாம். குளோரின், செம்பு கலக்காத தண்ணீர் இருந்தால் சின்னத் தொட்டியிலேயே பெருகும்.

சாத்தூரைக் கடக்கும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் சேருகிறது. ஆறு கடலைத் தொடாத வருஷம், பெரிய இறாலின் குஞ்சுக்கு வழி அடைபடும். தொட்டி சொல்லித்தரும் பாடம் இதுதான்.