விழித்தவரும் விழிக்காதவரும்

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு மறையுரையில், அமெரிக்க நாட்டில் 19 ஆண்டுகள் நினைவிழந்து கிடந்து பின்னர்ப் பேசத் தொடங்கிய ஒருவரின் வரலாற்றை நாம் எடுத்துரைத்தோம். கடவுள் தந்த உயிரை மனிதர் அவசரப்பட்டு முடித்துவிடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ என்றும் வினவினோம். திருப்பலி முடிந்தபின் தாய் ஒருவர் திருப்பண்ட அறையின் வாயிலில் வந்து நின்றார். விபத்தில் தலையில் அடிபட்டு நெடுநாளாய்ப் படுக்கையில் கிடந்த மகனைப் பேணி வந்தவர் அவர். "சாமி, அந்தத் தாயின் மகன் விழித்துவிட்டான். என் மகன் விழிக்கவில்லையே. என் செபத்தில்தான் குறையோ?" என்று கேட்டார்.

நமக்கு விடை தெரியவில்லை. ஆறுதலாக ஏதோ கூறி அனுப்பினோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. வாழ்வுரிமையைக் காக்க எண்ணி நாம் எடுத்த சான்று, அவ்வுரிமை எவருக்கு மிகவும் தேவையோ அவர் இல்லத்திலேயே சுமையாய் இறங்கிவிட்டதே! அன்றுமுதல் இப்பொருளின் வரலாற்றை ஊன்றிக் கற்கத் தலைப்பட்டோம். அதனைச் சுருக்கமாக வாசக அன்பர்கள்முன் வைக்கிறோம்.

ஆர்கன்சாவில் நடந்தது

நாம் மறையுரையில் குறிப்பிட்டவர் டெரி வாலிஸ். 1984ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆர்கன்சா மாநிலத்து மலைநாட்டில் அவர் சென்ற வண்டி பாலத்திலிருந்து ஓடையில் விழுந்தது. அப்போது அவருக்கு 20 வயது. அவருடைய பெண்குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பின்னர் அவர் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கிடத்தப்பட்டார். குடும்பத்தார் அவரைக் கைவிடவில்லை. வந்து பார்ப்பதும், இடையிடையே வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துச் செல்வதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2003 ஜூனில் ஒருநாள், பார்க்க வந்த தாயை நோக்கி அவர் "அம்மா" என்றார். அடுத்து அவர் வாயில் வந்த சொற்கள் பெப்சி, பால் என்பன. ரொனால்டு ரீகனே இன்னமும் நாட்டின் தலைவர் என்று அவர் எண்ணியிருந்தார்.

செய்தித்தாள்கள் இதனைக் கோமாவிலிருந்து எழுந்த அதிசயம் என்று எழுதின. நாமும் அவ்வாறே உரைத்தோம். உண்மை சற்று வேறு. கண்மூடிக் கிடக்கும் ஆழ்மயக்கமாகிய கோமா பெரும்பாலும் சில வாரங்களே நீடிக்கும். அதன்பின் நோயாளர் இறப்பார், அல்லது தேறுவார், அல்லது கண் திறந்தும் உணர்வின்றிக் கிடப்பார். வாலிஸோ நெடுங்காலமாகவே மிகச் சிறிய அளவு உணர்வுடையவராய் இருந்திருக்கிறார். அவர் சில வேளை தலையசைப்பதையும் முனகுவதையும் உற்றார் கவனித்து வந்தனர். 2006இல் வெளிவந்த ஆய்வொன்று, அவரது மூளையில் அறுபட்ட நரம்பிழைகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மீண்டும் வளர்ந்து இணைந்திருக்கக்கூடும் என்று காட்டியது. விழித்த பின்னும் அவர் உடல் முழுமையாகத் தேறவில்லை. கைகால் செயலிழந்தவராய், புதிய நிகழ்ச்சிகளை நினைவில் இருத்த இயலாதவராய், உற்றாரின் பேணுதலிலேயே வாழ்ந்து 2022இல் இறந்தார்.

பெயர்கள் மாறிய வரலாறு

இத்தகைய நோயாளர் முற்காலத்தில் சில நாட்களிலேயே இறந்துவிடுவர். 1952இல் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்றழுத்தி நோயாளரைச் சுவாசிக்கச் செய்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் செயற்கைச் சுவாசக் கருவிகளும் அதன்பின் பெருகின. உயிர்கள் பல காக்கப்பட்டன. அதே வேளையில், உயிர் இருந்தும் உணர்வு திரும்பாதோர் என்னும் புதிய கூட்டத்தாரும் தோன்றினர்.

1972இல் ஜென்னெட், பிளம் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் இந்நிலைக்குப் பெயர் சூட்டினர். கண் திறக்கும், உறங்கும், விழிக்கும். உணர்வோ புலப்படாது என்னும் இந்நிலையை 'வெஜிடேட்டிவ்' என்று அழைத்தனர். வளர்தலும் உயிர்த்தலும் மட்டுமே எஞ்சிய நிலை என்பதே அவர்கள் கருதிய பொருள். நாளடைவில் மக்கள் வழக்கில் அது மனிதரையே காய்கறியென இழித்துரைக்கும் சொல்லாயிற்று. 1994இல் அமெரிக்க மருத்துவக் குழுவொன்று, விபத்தில் அடிபட்டோர் 12 மாதமும், மூச்சடைப்பு முதலிய பிற காரணங்களால் பாதிக்கப்பட்டோர் 3 மாதமும் இந்நிலையில் இருந்தால், அதனை 'நிரந்தரம்' எனக் கொள்ளலாம் என்று வரையறுத்தது.

அந்த வரையறை நிலைக்கவில்லை. 2002இல் சிற்றுணர்வு நிலை என்னும் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. 2006இல் இங்கிலாந்தில், எவ்வித அசைவும் பதிலும் காட்டாத இளம்பெண் ஒருவரிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு ஆய்வாளர் கூறினர். நலமுள்ளவரின் மூளை எவ்வாறு செயற்படுமோ அவ்வாறே அவர் மூளையும் செயற்பட்டதைக் கருவி காட்டியது. 2009இல் பெல்ஜிய நாட்டு ஆய்வொன்றில், உணர்வற்றோர் என மருத்துவர் கருதிய 44 பேருள் 18 பேரிடம் உண்மையில் சிறிது உணர்வு இருப்பது தெரியவந்தது. 2018இல் அமெரிக்க நரம்பியலார் 'நிரந்தரம்' என்னும் சொல்லையே கைவிட்டு, 'நாட்பட்ட' என்னும் சொல்லை ஏற்றனர். 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்குப் புறத்தே எவ்விதப் பதிலும் தராத 241 பேருள் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், அகத்தே அக்கட்டளைக்குப் பதிலளித்தது கண்டறியப்பட்டது.

இவ்வரலாறு நமக்குப் பணிவைக் கற்பிக்கிறது. முடிந்தது என்று அறுதியிட்டுரைத்த நாவுகள் பலமுறை தம் சொல்லைத் திருத்திக்கொண்டுள்ளன. ஆனால் பணிவு இருபுறமும் வேண்டும். ஃபுளோரிடா மாநிலத்தில் 1990 முதல் உணர்வற்றுக் கிடந்த டெரி ஷியாவோ என்னும் பெண்ணின் பொருட்டுக் கணவரும் பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். தக்க சிகிச்சை அளித்தால் அவர் தேறுவார் என்று பெற்றோர் நம்பினர். உணவு செலுத்தும் குழாய் அகற்றப்பட்டு 2005 மார்ச் 31 அன்று அவர் இறந்தார். பிணக்கூறு ஆய்வு, அவரது மூளை 615 கிராம் எடையே இருந்ததை, அதாவது இயல்பான அளவில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியிருந்ததைக் காட்டியது. அவர் தேறியிருக்க வழியில்லை என்பதே மருத்துவரின் முடிவு.

இங்கேதான் நம் வாதத்தின் அடித்தளம் சோதிக்கப்படுகிறது. விழித்தெழக்கூடும் என்பதற்காகவே ஒருவரைக் காக்க வேண்டும் என்றால், விழித்தெழார் என்று உறுதிப்படும் நாளில் அவருடைய உரிமை என்னாகும்? அதிசயத்தின்மேல் கட்டிய வாழ்வுரிமை மணல்மேல் கட்டிய வீடே.

நியூ ஜெர்சி தந்த பாடம்

அவ்வாறாயின் எவ்வாற்றானும் எக்கருவியையும் அகற்றலாகாது என்பதா திருச்சபையின் போதனை? அன்று. 16ஆம் நூற்றாண்டிலேயே சாமிநாதர் சபைத் துறவியாகிய பிரான்சிஸ்கோ டி விட்டோரியா, உயிரைக் காக்க எல்லா வழிகளையும் கையாள வேண்டிய கடமை நோயாளருக்கு இல்லை என்று கற்பித்தார். 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்கவியல் மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு விடையளிக்கையில், சாதாரண வழிகளைக் கையாளும் கடமையே அனைவர்க்கும் உண்டு என்றும், பெருஞ்சுமையாகிவிட்ட சுவாசக் கருவியை நிறுத்துவது கொலையாகாது என்றும் தெளிவுபடுத்தினார்.

அவ்வுரை ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வழிகாட்டியது. 1975 ஏப்ரலில் நியூ ஜெர்சியில் கரேன் ஆன் குயின்லன் என்னும் 21 வயதுப் பெண் மூச்சு நின்று விழுந்தார். கருவியின் துணையால் உயிர் தங்கியது, உணர்வு திரும்பவில்லை. அவருடைய பெற்றோர் தம் பங்குத்தந்தையிடம் ஆலோசனை கேட்டபின், சுவாசக் கருவியை அகற்றுமாறு வேண்டினர், மருத்துவர் இசையவில்லை. 1976 மார்ச் 31 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோரின் வேண்டுதலை ஏற்றது. மறைமாவட்ட ஆயரும் அவர்கள் பக்கமே நின்றார்.

கருவி அகற்றப்பட்டதும் கரேன் இறந்துவிடுவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அவரோ தாமாகவே மூச்சுவிட்டார். 1985 ஜூன் வரை ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் ஒருபோதும் விழிக்கவில்லை. கருவியை நிறுத்தக் கேட்ட அதே பெற்றோர், உணவு செலுத்திய குழாயை நிறுத்தக் கேட்கவில்லை. தந்தை நாள்தோறும் சென்று மகளைப் பார்த்து வந்தார். சுமையை இறக்குவது வேறு, மகளை இறக்கச் செய்வது வேறு என்பதை அவர்கள் தம் வாழ்வாலேயே காட்டினர்.

பின்வந்த வழக்குகளில் விவாதம் கருவியைவிட்டு உணவின்மேல் திரும்பியது. 2004 மார்ச் 20 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனிதர் எந்நிலையிலும் மனிதரே என்றும், குழாய்வழி ஊட்டப்படும் உணவும் நீரும் மருத்துவச் செயல் ஆகா, இயல்பான பேணுதலே என்றும் போதித்தார். 2007இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதனை உறுதிசெய்தது. உடல் உணவை ஏற்காத நிலையிலும், அதனால் பெருந்துன்பம் விளையும்போதும், கொடிய வறுமையாலோ தொலைவாலோ அது இயலாதவிடத்தும் கடமை கட்டாது என்றும் விளக்கியது. திருத்தந்தையின் போதனை விரைவில் அவருடைய உடலிலேயே எழுதப்பட்டது. 2005 மார்ச் 30 அன்று, அவருக்கு மூக்குவழிக் குழாயால் உணவு ஊட்டப்படுவதாக வத்திக்கான் அறிவித்தது. மறுநாள் டெரி ஷியாவோ இறந்தார். ஏப்ரல் 2 அன்று திருத்தந்தையும் இறைவனடி சேர்ந்தார்.

மும்பையின் செவிலியர்

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1973 நவம்பர் 27 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக், அங்கிருந்த பணியாளன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 41 ஆண்டுகளுக்கும் மேலாக அதே மருத்துவமனையில், தலைமுறை தலைமுறையாய் வந்த செவிலியர் அவரைக் குளிப்பாட்டினர், உணவை மசித்து ஊட்டினர். மீன் உணவு அவருக்குப் பிடிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஊட்டுவதை நிறுத்த ஆணையிடுமாறு எழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. அருணாவுக்காகப் பேசும் உரிமை அவரைப் பேணிய செவிலியர்க்கும் மருத்துவர்க்குமே உண்டு என்றும் கண்டது. அதே தீர்ப்பு, சிகிச்சையை நிறுத்தி இறக்கவிடும் முறைக்குக் கட்டுப்பாடுகளுடன் வழியும் திறந்தது. 2018இல் அரசியல் சாசன அமர்வு, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. அருணா 2015 மே 18 அன்று இறந்தார். அவர் தேறவில்லை. ஆயினும் அச்செவிலியரின் உழைப்பு வீண் என்று சொல்லத் துணிபவர் யார்?

உண்ணக் கொடுத்தல்

தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளை ஆண்டவர் எழுப்பிய நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியாளர் எழுதுகிறார். சிறுமி எழுந்து நடந்ததும் அனைவரும் மலைத்து நிற்க, இயேசு அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறு பணித்தார். அதிசயம் அவருடைய கையில் இருந்தது. உணவை அவர் பெற்றோர் கையில் விட்டுவிட்டார். எழுப்புவது நம் பணியன்று. அதனை எவர்க்கும் வாக்களிக்கவும் நமக்கு உரிமையில்லை. ஊட்டுவதும் துடைப்பதும் அருகிருப்பதுமே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை.

அன்று வாயிலில் நின்ற தாய்க்கு இன்றாயின் இவ்வாறு விடை கூறுவோம்: "அம்மா, உங்கள் செபத்தில் குறையில்லை. வாலிஸின் தாய் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். அவர் மகன் விழித்ததனால் அவரது அன்பு உயர்ந்துவிடவும் இல்லை. உங்கள் மகன் விழிக்காததனால் உங்கள் அன்பு குறைந்துவிடவும் இல்லை." அம்மகன் சில ஆண்டுகள் கழித்து, விழிக்காமலே இறந்தார். அடக்கத் திருப்பலியில் நாம் அதிசயம் எதனையும் குறிப்பிடவில்லை. அத்தாய் நாள்தோறும் காய்ச்சி, வடிகட்டி, குழாய்வழி ஊட்டிய கஞ்சியைப் பற்றி மட்டுமே பேசினோம்.

வாழ்வுரிமை பற்றிக் கருத்தரங்குகள் நடத்துகிறோம், நன்று. அத்துடன், நம் பங்கில் இவ்வாறு கிடப்போர் எத்தனை பேர், அவரைப் பேணுவோர் கடைசியாக எப்போது ஓய்ந்து உறங்கினர் என்பதை நம் அன்பியங்கள் அறிந்திருக்கின்றனவா? வாரத்தில் ஒருநாள் மாலை, இரண்டு மணிநேரம், அக்கட்டிலருகே நாம் அமர்ந்துகொண்டு அத்தாயை உறங்கச் சொல்லலாம். வாழ்வுரிமைக்கு நாம் கூறும் சான்று அங்கிருந்து தொடங்கட்டும்.