எம்ஆர்ஐ சோதனையில் எலும்பியல் உள்வைப்புகளின் பாதுகாப்பு: கணினி மாதிரியாக்கத்தின் வரலாறு

எலும்பு முறிவுக்குப் பொருத்தப்படும் தகடு, திருகு, தண்டு, செயற்கை மூட்டு ஆகியவை எலும்பியல் உள்வைப்புகள் எனப்படுகின்றன. இவற்றை உடலில் தாங்கிய ஒருவர் எம்ஆர்ஐ கருவிக்குள் செல்லலாமா என்பதை முடிவுசெய்ய, கணினியில் அமைக்கப்பட்ட மனித உடல் மாதிரிகள் இன்று பெரிதும் பயன்படுகின்றன.

1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த எம்ஆர்ஐ, 1980களில் மருத்துவமனைகளுக்கு வந்தது. காந்தம் உலோகத்தை இழுத்துவிடும் என்பதே அக்காலத்தின் முதல் அச்சம். 1992இல் அமெரிக்காவில், மூளை இரத்தக்குழாயில் பொருத்திய கவ்வி காந்தப்புலத்தில் நகர்ந்து ஒரு நோயாளி இறந்தது அந்த அச்சத்தை உறுதிப்படுத்தியது. ஆனால் எலும்பியல் உள்வைப்புகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் மிகையான அச்சமே. டைட்டானியம், கோபால்ட்-குரோமியம் கலவை, 316எல் துருவேறா எஃகு ஆகியவை காந்தத்தால் மிகக் குறைவாகவே ஈர்க்கப்படுகின்றன. எலும்போடு இறுகப் பிணைந்தும் இருக்கின்றன.

உண்மையான சிக்கல் வெப்பம். 1.5 டெஸ்லா கருவி ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளையும், 3 டெஸ்லா கருவி ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும் உடலுக்குள் செலுத்துகின்றன. நீர் மிகுந்த திசுக்களில் இவ்வலைகளின் நீளம் சுருங்கி, 1.5 டெஸ்லாவில் அரை அலைநீளம் சுமார் கால் மீட்டராகிறது. தொடை எலும்புக்குள் செருகப்படும் தண்டின் நீளமும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது. எனவே அது ஆன்டெனா போல அலையைப் பிடிக்கிறது. அதன் முனைகளை ஒட்டிய திசு சூடாகிறது. 3 டெஸ்லாவில் அரை அலைநீளம் பாதியாகிவிடுவதால், அங்கே குட்டையான தகடுகள் அதிகம் சூடாகலாம். ஆகவே வலிமை கூடிய காந்தமே எப்போதும் ஆபத்தானது என்ற பொதுவான எண்ணம் இங்கே பொருந்தாது. உடலுக்கு வெளியே சட்டமும் எலும்புக்குள் ஊசிகளும் கொண்ட வெளிப்புற நிலைநிறுத்திகளில் வெளியிலுள்ள சட்டம் அலையைப் பிடிக்க, ஊசிமுனைகள் சூடாகின்றன.

இவ்வெப்பத்தை அளக்க ஏஎஸ்டிஎம் அமைப்பு எஃப்2182 என்ற சோதனை முறையை 2002இல் வெளியிட்டது. கூழ்மம் நிரப்பிய தொட்டியில் உள்வைப்பை வைத்து, ஒளியிழை வெப்பமானிகளால் அளப்பது இம்முறை. கூழ்மத்தில் இரத்த ஓட்டமோ எலும்போ கொழுப்போ இல்லை. மேலும், ஒரு முதுகெலும்புத் தொகுதியில் தண்டுகளின் நீளம், திருகுகளின் அளவு, அவற்றின் எண்ணிக்கை என மாறிமாறிச் சேர்த்தால் நூற்றுக்கணக்கான அமைப்புகள் உருவாகும். எது மிக மோசமாகச் சூடாகும் என்பதை அறிய எல்லாவற்றையும் தொட்டியில் இடுவது நடைமுறையில் இயலாது. கணினி நுழைந்தது இங்கேதான்.

அதற்கு வேண்டிய கணிதம் முன்பே இருந்தது. இரத்த ஓட்டம் வெப்பத்தைக் கொண்டுசெல்வதை, மனித முன்கையில் எடுத்த அளவீடுகளின் அடிப்படையில் ஹாரி பென்ஸ் 1948இல் சமன்பாடாக்கினார். வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து மின்காந்தப் புலங்களைப் படிப்படியாகக் கணிக்கும் முறையை 1966இல் கேன் யீ அளித்தார். இல்லாதிருந்தது மனித உடல். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'விசிபிள் ஹியூமன்' திட்டத்தில், மரண தண்டனை பெற்ற ஒருவர் தானமளித்த உடல் உறையவைக்கப்பட்டு, 1 மில்லிமீட்டர் இடைவெளியில் படமெடுக்கப்பட்டு, 1994இல் தரவாக வெளியானது. இறந்த உடல் என்பதும் ஒரேயொரு ஆண் உடல் என்பதும் அதன் குறைகள். பெண் உடலின் தரவு அடுத்த ஆண்டில் வந்தது. சூரிச்சின் ஐடிஐஎஸ் நிறுவனமும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இணைந்து உருவாக்கிய 'விர்ச்சுவல் ஃபேமிலி' 2010இல் வெளிவந்தது. உயிருள்ளவர்களின் எம்ஆர்ஐ படங்களிலிருந்து அமைந்த நால்வர் இக்குடும்பத்தினர்: டியூக், எல்லா, பில்லி, தெலோனியஸ். ஜாஸ் இசைக்கலைஞர்களை நினைவூட்டும் பெயர்கள் இவை.

கணித்த விடையை நம்புவது எப்படி என்பது அடுத்த கேள்வி. கூழ்மத் தொட்டியையே முதலில் கணினியில் அமைத்து, உண்மை அளவீட்டோடு ஒப்பிட்ட பிறகே உடல் மாதிரிக்குச் செல்வது வழக்கம். மாதிரிகளின் நம்பகத்தன்மையை மதிப்பிட 2018இல் ஏஎஸ்எம்இ அமைப்பு வி&வி 40 தரநிலையை வெளியிட்டது. இருந்தும், கூர்மையான திருகுமுனையைச் சுற்றிய கட்டங்கள் போதிய அளவு சிறியவையாக இல்லையெனில் விடை தவறும். முதுமையாலோ நீரிழிவாலோ இரத்த ஓட்டம் குறைந்தவரிடம் வெப்பம் கணக்கை மீறலாம்.

இக்கணிப்புகள் நோயாளியை வந்தடைவது ஒரு சிட்டையின் வடிவில். 2005இன் எஃப்2503 தரநிலைப்படி பொருள்கள் 'பாதுகாப்பானது', 'நிபந்தனைக்குட்பட்டது', 'பாதுகாப்பற்றது' என மூவகைப்படும். சோதித்து ஏற்கப்பட்ட உலோக உள்வைப்புகள் இரண்டாம் வகையில் அடங்கும். எத்தனை டெஸ்லா, எவ்வளவு ஆற்றல், எவ்வளவு நேரம் என்பவையே நிபந்தனைகள். பல பத்தாண்டுகளுக்கு முன் தண்டு பொருத்தி, அதன் பெயரோ வகையோ குறித்த ஆவணம் இல்லாதவர்களுக்கு இச்சிட்டை கிடைப்பதில்லை. அவர்களுக்கு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, சோதனையால் வரும் பயனையும் ஆபத்தையும் எடைபோட்டுக் கதிரியல் மருத்துவரே முடிவெடுக்கிறார்.