பறங்கியர் வீட்டுக் கல்யாண வயலின்

திருகோணமலையில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1624இல். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டனர். ஆக, கோட்டை அவர்கள் கையில் இருந்தது பதினைந்தே ஆண்டுகள். ஆயினும் அத்துறைமுக நகரின் பறங்கியர் திருமணங்களில் அவர்களது மொழிப் பாட்டு இன்றும் ஒலிப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

வயலின், கிட்டார், ரபான் முழங்க முதலில் ‘கஃப்ரிஞ்ஞா’. ஆப்பிரிக்கக் காப்பிரி மக்களின் பெயரைத் தாங்கிய ஆட்டம் அது. இலங்கை முழுவதும் ஆடும் பைலாவுக்கும் மூலம் அதுவே. அடுத்து ‘லான்சர்ஸ்’. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நடனக்கூடங்களில் இணைகளாக ஆடிய ஆட்டம். ஐரோப்பியரே அதை ஏறக்குறைய மறந்துவிட்டனர் என்பது வேறு கதை!

பறங்கியரில் பலர் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டனர். எஞ்சியோர் வீடுகளில் இளையோர் பேசுவது பெரும்பாலும் தமிழே. வயலின் எழும்பினால் மட்டும், முழுப் பொருளும் விளங்காத அப்பாட்டைத் தாத்தாக்கள் பாடியபடியே பாடுகிறார்கள்.