தலைக்கவசப் படக்கருவியால் மிதிவண்டியோட்டிக்கு என்ன பயன்? – ஒரு வரலாற்றுப் பார்வை

பெற்றோர் சந்திப்பு நாளன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம் ஒரு வினாவை முன்வைத்தார். மகன் மிதிவண்டியில் பள்ளிக்கு வருகிறான். அவன் தலைக்கவசத்தில் சிறியதொரு படக்கருவியைப் பொருத்திவிட்டால் அவனுக்குப் பாதுகாப்பாக இருக்குமா? கடையில் விலைகூடக் கேட்டு வைத்திருந்தார். நின்ற நிலையில் விடை சொல்லிவிடக்கூடிய வினாவாக அது எனக்குத் தோன்றவில்லை. வரலாறு போதிக்கும் ஆசிரியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எப்பொருளைக் கையில் கொடுத்தாலும் 'இது எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்யப்பட்டது?' என்றுதான் முதலில் கேட்பான். இக்கருவியையும் அவ்வாறே அணுகிப் பார்த்தேன்.

தலைக்கவசப் படக்கருவி பாதுகாப்புக்காகப் பிறந்ததன்று. 1987-இல் அமெரிக்காவின் மார்க் சூல்சி என்பவர் மலைப்பாதை மிதிவண்டியோட்டத்தைப் பற்றிய காணொளி ஒன்றுக்காகத் தலைக்கவசத்தில் படக்கருவியைப் பொருத்தினார். படக்கருவி தலையில்; அதனோடு கம்பியால் இணைக்கப்பட்ட நாடாப் பதிவுப் பெட்டி முதுகுப்பையில். அந்தச் சுமையோடு மலையிறங்கியவர்களின் கழுத்து என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பின்னர் 2002-இல் நிக் உட்மன் தொடங்கிய நிறுவனம், 2004-இல் கோப்ரோ என்னும் பெயரில் தன் முதல் கருவியை விற்றது. அது அலைச்சறுக்கு வீரர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சாதாரணப் படச்சுருள் கருவி. காணொளி எடுக்கும் ஆற்றல் அதற்குப் பின்னரே வந்தது; 2006-ஆம் ஆண்டுக் கருவி பத்து நொடிகள் மட்டுமே பதிவு செய்தது. 2009-இல் உயர்தரக் காணொளி எடுக்கும் கருவி வந்தபோதும் அதன் நோக்கம் மாறவில்லை. 'என்னைப் பாருங்கள், நான் செய்யும் சாகசத்தைப் பாருங்கள்' என்பதே அது.

அக்கருவியின் நோக்கத்தைத் திருப்பியவர்கள் அன்றாடம் வேலைக்கு மிதிவண்டியில் சென்ற நகரவாசிகள். அதிலும் குறிப்பாக லண்டன் மக்கள். நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டும் நாடு அது. அங்கு நடந்தவை நமக்கு எளிதில் விளங்கும். உரசிச் செல்லும் மகிழுந்து, கைப்பேசியைப் பார்த்தபடி ஓட்டும் ஓட்டுநர், இடப்புறம் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவரைக் காணாத லோரி ஆகியவற்றைப் பற்றிக் காவல் நிலையத்தில் முறையிட்டால் என்ன நடக்கும்? 'அவர் ஒன்று சொல்கிறார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், சாட்சி எங்கே?' என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சாட்சியைத் தலையிலேயே சுமந்து செல்லலாம் என்ற எண்ணம் அவ்வாறுதான் பிறந்தது.

இவர்களுள் மிகவும் அறியப்பட்டவர் மைக் வான் எர்ப். அவருக்கு 19 வயதானபோது மதுபோதையில் வண்டியோட்டிய ஒருவரால் அவருடைய தந்தை கொல்லப்பட்டார். லண்டன் சாலைகளில் கைப்பேசியோடு ஓட்டுவோரைப் படம்பிடித்துக் காவல்துறைக்கு அனுப்புவதையே அவர் ஒரு பணியாகக் கொண்டார். அவர் முறையிட்ட ஓட்டுநர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். திரைப்பட இயக்குநர் கை ரிச்சி 2020-இல் ஆறு மாதம் வண்டியோட்டத் தடை பெற்றது இவர் எடுத்த காணொளியால்தான். ஆனால், காற்பந்துப் பயிற்றுநர் ஃபிராங்க் லம்பார்ட் மீது தொடுக்கப்பட்ட வழக்கு, போதிய சான்று இல்லையென்று 2022 சனவரியில் கைவிடப்பட்டது. படம் இருந்தது, படம் மட்டும் போதவில்லை. இவ்விரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சான்று என்ற சொல் வந்துவிட்டதால் ஓர் இடைக்குறிப்பு. கல்வெட்டு, செப்பேடு, பயணக் குறிப்பு என்று நாம் மாணவர்களுக்கு மூலச்சான்றுகளை அறிமுகப்படுத்துகிறோம். இதை யார் செதுக்கினார், யாருக்காகச் செதுக்கினார், எதை விட்டுவிட்டார் என்று கேட்கப் பழக்குகிறோம். காணொளி என்றவுடன் நம்மில் பலர் அக்கேள்விகளை மறந்துவிடுகிறோம். கண்ணால் கண்டது பொய்யாகுமா என்ற நினைப்பு. 2012 டிசம்பரில் பிபிசி தொலைக்காட்சி, பிரிட்டன் சாலைகளில் நடக்கும் 'போர்' என்னும் தலைப்பில் ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதில் பெரும்பகுதி மிதிவண்டியோட்டிகளின் தலைக்கவசக் காட்சிகள். சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் லண்டன் நெரிசலில் பாய்ந்து செல்லும் மிதிவண்டியோட்டிகளையும் அதில் காட்டினார்கள். பார்த்தவர்கள் கொதித்தார்கள். பின்னர்தான் தெரிந்தது, அவை அன்றாடப் பயணக் காட்சிகளே அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த தூதஞ்சல் ஓட்டுநர்களின் தெருப்பந்தயம் ஒன்றை, அதற்கெனவே வந்த படப்பிடிப்பாளர் எடுத்தவை. மிதிவண்டி அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன. காட்சிகள் எவையும் போலியல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எல்லாம் உண்மையாக நடந்தவை. எங்கிருந்து வந்தவை என்பது மட்டும் சொல்லப்படவில்லை. ஒரு வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது.

சரி, தந்தையின் வினாவுக்கு வருவோம். படக்கருவி இருப்பதைக் கண்டு ஓட்டுநர்கள் விலகிச் செல்வார்களா? இதை அளந்தே பார்த்த ஒருவர் இருக்கிறார். பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர், தூரத்தை அளக்கும் மீயொலிக் கருவியையும் படக்கருவியையும் தம் மிதிவண்டியில் பொருத்தி, சால்ஸ்பரி, பிரிஸ்டல் ஆகிய ஊர்களில் ஓட்டினார். தம்மைக் கடந்து சென்ற 2,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் எவ்வளவு இடைவெளி விட்டன என்று பதிவு செய்தார். 2007-இல் வெளிவந்த முடிவு பலரை வியக்க வைத்தது. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கிச் சென்றன. நீண்ட கூந்தல் பொய்முடி அணிந்து பெண்ணைப் போல் தோன்றியபோது அதிக இடம் விட்டன. (தலைக்கவசம் பற்றிய முடிவைப் பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் மறுத்துள்ளனர். எனவே இதைப் படித்துவிட்டுப் பிள்ளையின் தலைக்கவசத்தைக் கழற்றிவிட வேண்டாம்.) ஆய்வு நடந்த காலத்தில் ஒரு பேருந்தும் ஒரு லோரியும் அவர்மீதே மோதின என்பதையும் சொல்லியாக வேண்டும். அறிவியலுக்காக அடிபட்ட பேராசிரியர்!

நமக்கு இன்னும் பொருத்தமானது அவரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. இம்முறை ஏழு வகை உடைகள். சாதாரண உடை, பந்தய வீரர் உடை, பளிச்சிடும் மேலங்கி, புதிதாக ஓட்டப் பழகுபவர் என்று அறிவிக்கும் மேலங்கி என்று மாற்றி மாற்றி அணிந்து ஒருவர் பல மாதங்கள் வேலைக்குச் சென்று வந்தார். 5,690 வண்டிகள் அளக்கப்பட்டன. எந்த உடைக்கும் ஓட்டுநர்கள் பெரிதாக மாறவில்லை; ஒன்றைத் தவிர. காவல்துறை என்ற சொல்லும், படம் பிடிக்கப்படுகிறது என்ற அறிவிப்பும் முதுகில் எழுதப்பட்ட மேலங்கிக்குச் சற்றே கூடுதல் இடம் கிடைத்தது. எவ்வளவு? ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். மூன்று விரல் அகலம். அதைவிட முக்கியமானது இது: எந்த உடை அணிந்தாலும், நூற்றில் ஒன்று அல்லது இரண்டு வண்டிகள் அரை மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உரசிச் சென்றன. அந்த ஓட்டுநர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. தலையிலிருக்கும் தீப்பெட்டியளவு கருவியையா பார்த்திருக்கப் போகிறார்கள்?

ஆகவே, மோதவிருக்கும் வண்டியைப் படக்கருவி தடுக்காது என்பதை நான் ஐயமின்றிச் சொல்வேன். அதன் பயன் மோதலுக்குப் பின்னர்தான் தொடங்குகிறது. அதுவும், பெற்றுக்கொள்ள ஒருவர் இருந்தால்தான். பிரிட்டனின் சட்டப்படி, பல வண்டியோட்டக் குற்றங்களுக்கு 14 நாள்களுக்குள் வண்டியின் பதிவு உரிமையாளருக்கு அறிவிப்புச் சென்று சேர வேண்டும். காணொளியை மாதக் கணக்கில் மேசை இழுப்பறையில் வைத்திருந்தால் அது வெறும் பொழுதுபோக்குப் படம். வெட்டி ஒட்டிய காட்சியையும் காவல்துறை விரும்புவதில்லை. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் நடந்தவை அப்படியே வேண்டும் என்கிறது. அப்படியே கொடுக்கும்போது, மிதிவண்டியோட்டி சிவப்பு விளக்கைக் கடந்ததும் அதில் இருக்கும்.

பெற்றுக்கொள்ள ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டு மேற்கு மிட்லண்ட்ஸ் காவல்துறை செய்த பணி நல்ல எடுத்துக்காட்டு. காவலர் ஒருவர் சாதாரண உடையில், படக்கருவியோடு மிதிவண்டி ஓட்டிச் செல்வார். யாரேனும் உரசிச் சென்றால் வானொலியில் தகவல் சொல்வார். சற்றுத் தொலைவில் நிற்கும் சக காவலர் அவ்வண்டியை நிறுத்துவார். சாலையோரத்தில் பெரிய விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டிருக்கும். மிதிவண்டி எங்கே, வண்டி எங்கே, இடையில் ஒன்றரை மீட்டர் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரையப்பட்டிருக்கும். ஓட்டுநரை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாடம் நடத்துவார்கள். மோசமாக ஓட்டியவர்கள் மீது வழக்கு. பொதுமக்கள் அனுப்பும் காணொளிகளையும் இதேபோல் கையாண்டார்கள். முதல் ஆண்டில் அவ்வட்டாரத்தில் இறந்த அல்லது கடுமையாகக் காயமுற்ற மிதிவண்டியோட்டிகளின் எண்ணிக்கை 20 விழுக்காடு குறைந்ததாகக் காவல்துறை அறிவித்தது. ஓராண்டுக் கணக்கை வைத்து மிகையாக எதுவும் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். எனினும், கரும்பலகையைச் சாலையோரத்துக்கே கொண்டு போன அந்தக் காவலர்களை ஆசிரியர் என்ற முறையில் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. இதில் பயனடைந்தவர் யார் என்று பாருங்கள். படமெடுத்தவர் அல்லர்; அவருக்குப் பின்னால் அதே சாலையில் படக்கருவியே இல்லாமல் சென்றவர்.

படமெடுத்தவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வசவு. ஒலிபரப்பாளர் ஜெரமி வைன் 2016-இல் லண்டன் கென்சிங்டன் பகுதியில் தம்மை ஓர் ஓட்டுநர் மிரட்டியதைப் படம்பிடித்து வெளியிட்டார். பல இலட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஓட்டுநர் 2017-இல் சிறைத்தண்டனை பெற்றார். அதன் பின்னும் வைன் தொடர்ந்து காணொளிகளை வெளியிட்டு வந்தார். 2025-இல், தமக்கு வந்த வசைகளும் மிரட்டல்களும் போதுமென்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பெரியவர், பெயர் பெற்றவர், அவராலேயே தாங்க முடியவில்லை.

நம் அண்டை நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018 டிசம்பரில் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பகுதியில் ஒரு மிதிவண்டியோட்டி லோரியின் பக்கக் கண்ணாடியைத் தட்டி உடைத்தார். லோரி அவரைச் சாலையோரப் புல்தரைக்குத் தள்ளியது. வேறொரு வண்டியிலிருந்த படக்கருவி எல்லாவற்றையும் பதிவு செய்தது. லோரி ஓட்டுநருக்குச் சிறை, மிதிவண்டியோட்டிக்கு அபராதம். படக்கருவிக்குக் கட்சி கிடையாது.

பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். தலையில் இருக்கும் கருவி தலை திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். பின்னாலிருந்து வரும் வண்டியைக் காட்டாது. அகன்ற கோணக் கண்ணாடி வண்டிகளை உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டும். உரசிச் சென்ற வண்டிகூடப் படத்தில் அடக்கமாகச் சென்றதுபோல் தெரியும். 2013-இல் மைக்கேல் சூமாக்கர் பனிச்சறுக்கில் தலையில் அடிபட்டபோது அவர் தலைக்கவசத்தில் படக்கருவி இருந்தது. அது காயத்தைக் கூட்டியதா என்ற விவாதம் எழுந்து, எல்லாரும் ஏற்கும் விடையில்லாமலே அடங்கியது. ஐயம் இருக்கும் இடத்தில் பதினொரு வயதுப் பிள்ளையின் மண்டையை வைக்க நான் விரும்பமாட்டேன். கருவி வேண்டுமென்றால் கைப்பிடியிலோ இருக்கைக்குப் பின்னாலோ பொருத்தலாம். அதையும் பெரியவர்கள் தங்கள் மிதிவண்டியில் பொருத்தட்டும். அந்தத் தந்தைக்கு நான் கூறியது, அப்பணத்தில் பின்விளக்கு ஒன்றும் நல்ல தடுப்புக் கட்டைகளும் வாங்குங்கள், முதல் சில வாரங்கள் நீங்களும் ஒரு மிதிவண்டியில் அவன் பின்னால் வாருங்கள் என்பதே. அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. கருவி வாங்குவது எளிது, காலையில் அரைமணி நேரம் ஒதுக்குவது கடினம்.

சிந்தியா பார்லோ என்னும் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு முழுமை பெறாது. 2000-இல் லண்டனில் மிதிவண்டியில் சென்ற அவருடைய மகள், சிமெண்டுக் கலவை லோரி மோதி இறந்தார். அந்தத் தாய் லோரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார். பங்குதாரர் என்ற உரிமையோடு ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்று, ஓட்டுநரால் பார்க்க முடியாத பக்கத்தைப் பார்க்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பின்னாளில் அந்நிறுவனத்தை வாங்கிய செமெக்ஸ், தன் லோரிகளில் கூடுதல் கண்ணாடிகளையும் உணர்கருவிகளையும் பொருத்தியது. 2024 அக்டோபர் முதல், ஓட்டுநர் இருக்கையிலிருந்து போதிய நேரடிப் பார்வை இல்லாத 12 டன்னுக்கு மேற்பட்ட லோரிகள் லண்டன் பெருநகருக்குள் நுழைய வேண்டுமானால், பக்கத்தில் இருப்பவரை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகளோடு படக்கருவியும் அவற்றில் இருந்தாக வேண்டும் என்பது விதி. அங்கே படக்கருவி மிதிவண்டியோட்டியின் தலையில் இல்லை. லோரியின் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தைப் பார்த்தபடி இருக்கிறது.