சோழிக் கணக்கிலிருந்து கைத்தொலைபேசி வானம் வரை



பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பங்களுக்கு விடியற்கால வானம் புதிதன்று. பொழுது புலரும் முன்பே எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள் விடிவெள்ளியையும் ஆறாமீன் கூட்டத்தையும் அன்றாடம் கண்டவர்கள். அந்த வானத்தை இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். கருவியை மேலே தூக்கிப் பிடித்தால் போதும். எதிரே தெரியும் விண்மீனின் பெயர் திரையில் வந்துவிடுகிறது. இதற்குக் கோளரங்க மென்பொருள் என்று பெயர்.

இந்த அறிவு முழுவதும் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் வரலாற்றில் தமிழர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்தோடு தொடர்புடைய அந்த அத்தியாயத்தைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரு வகை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். வாக்கியம் என்றால் என்ன? சந்திரன் ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்ற எண்களை எழுத்துகளாக மாற்றி, சிறு சிறு தொடர்களாக ஆக்கி வைத்தார்கள் முன்னோர். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. 248 நாள்களில் சந்திரனின் வேக மாற்றம் ஒன்பது சுற்று முடிந்து, ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்புகிறது என்பது அதன் அடிப்படை. இவற்றை மனப்பாடம் செய்தவர், ஏட்டைப் புரட்டாமலேயே எந்த நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். இன்று கணினியின் நினைவகம் செய்யும் வேலையை அன்று மனித நினைவு செய்தது.

இதை நேரில் கண்டு எழுதிவைத்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்பு பணிபுரிந்தவர் அவர். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே 1825-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கிரகணத்தின் தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடு நேரத்தில் 23 நிமிடமும், முடிவு நேரத்தில் 52 நிமிடமும் பிசகு இருந்ததாகப் பிற்கால அறிஞர்கள் கணக்கிட்டுள்ளார்கள். அதே ஆண்டில் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலித’ என்ற நூலில் வாரன் இச்செய்தியைப் பதிவு செய்தார்.

நேயர்களே, இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் உள்ளன. சோழிகளை வைத்துக்கொண்டு கிரகணத் தொடக்கத்தை நான்கே நிமிடப் பிசகோடு சொன்னது மாபெரும் திறமை என்பது ஒன்று. அந்தத் திறமையிலும் முடிவு நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தவறிப்போனது என்பது மற்றொன்று. ஒரு கணக்கில் சிறு பிசகு இருந்தாலும், வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டால் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது பெருகிவிடும். தினமும் ஒரு நிமிடம் பிந்தும் கடிகாரம் இரண்டு மாதத்தில் ஒரு மணி நேரம் பிந்திப் போவது போலத்தான்.

வானத்தோடு ஒப்பிடும் பணி நுங்கம்பாக்கத்தில் நடந்தது. வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் தம் சொந்தச் செலவில் தொடங்கிய வானாய்வுக் கூடத்திற்கு, 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே புதுக் கட்டடம் எழுப்பியது. ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறியவேண்டும் என்று கருதி, ஒரு கற்றூணை நாட்டித் தமிழிலும் வேறு மொழிகளிலும் எழுத்துப் பொறித்தார்கள். கணித அறிவியல் அதற்கு முன்பே இம்மண்ணில் இருந்தது என்பதற்குப் புதுச்சேரிச் சோழிகளே சாட்சி அல்லவா?

ஆயினும் அக்கூடத்தில் நடந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அங்கே பணிபுரிந்த டெய்லர் 1844-இல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைப் பட்டியலாக வெளியிட்டார். ஒவ்வொரு விண்மீனையும் தொலைநோக்கி வழியாகக் கண்ணால் பார்த்து, கடிகாரத்தைக் கவனித்துக் குறித்த பட்டியல் அது. இன்றைய மென்பொருளுக்குள் இருப்பதும் இத்தகைய விண்மீன் பட்டியல்தான். அளவில் பெரிது, துல்லியத்தில் உயர்ந்தது.

பழைய பஞ்சாங்க அறிவையும் புதிய தொலைநோக்கியையும் இணைத்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வுக் கூடத்தில் உதவியாளராகப் பணிபுரிந்து உயர்ந்தவர். தென்வானில் ரெட்டிகுலம் என்னும் விண்மீன் குழுவில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் அவர் கண்டுபிடித்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1880-இல் மறையும் வரை அவர் வற்புறுத்தியது ஒன்றே: கணக்கு கண்ணால் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும். அக்கருத்தின்படி ‘திருக்கணித’ப் பஞ்சாங்கத்தையும் அவர் வெளியிட்டார். திருக் என்ற வடசொல்லுக்குப் பார்வை என்று பொருள். கண்ணால் கண்டு சரிபார்த்த கணிதமே திருக்கணிதம்.

இவ்விரு முறைகளின் வேறுபாடு இன்றும் நம் வீடுகளில் பேசப்படுகிறது. சனி மீன ராசிக்குப் பெயர்வதைத் திருக்கணிதம் 2025 மார்ச் மாதம் என்றது. வாக்கியமோ 2026 மார்ச் மாதம் என்றது. எவருடைய வழிபாட்டையும் குறை சொல்வது நம் நோக்கமன்று. சனி அன்றிரவு எந்த விண்மீனுக்கு அருகில் நிற்கிறது என்பதை மட்டும் எவரும் வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்தது புகைப்படம். 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, உதகமண்டலத்தை அடுத்த தொட்டபெட்டா மலையிலிருந்து டெனன்ட் குழுவினர் சூரியனைப் படம் பிடித்தார்கள். 1899-இல் வானாய்வுப் பணி சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்களின் கண்ணாடித் தகடுகள் இப்பொழுது கணினியில் ஏற்றப்பட்டு, ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. கண் பார்த்ததை மறந்துவிடும். படம் அடுத்த தலைமுறைக்கும் சாட்சி சொல்லும்.

வானத்தை ஓர் அரங்கத்திற்குள் கொண்டுவரும் ஒளிவீச்சுக் கருவியை ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1923-இல் செய்து காட்டியது. சென்னைக்குக் கோளரங்கம் 1988-லும், கோலாலம்பூருக்கு தேசியக் கோளரங்கம் 1994-லும் வந்தன. ஆயர் தாவார் தோட்டத்துப் பிள்ளை அதைக் காணப் பள்ளிச் சுற்றுலா வரும்வரை காத்திருக்க வேண்டும். ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு இளைஞர் 2000-ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் அந்த அரங்கத்தை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. பல நாட்டு மக்கள் வைத்த வானப் பெயர்களும் நமது இருபத்தேழு நட்சத்திர முறையும் அதில் உண்டு.

இதை நாம் எப்படிப் பயன்படுத்துவது? முதலில் ஊரையும் நேரத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பரில் நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தின் நடு நேரம் சென்னையில் 7-ஆம் தேதி இரவு 11.41, நமக்கோ 8-ஆம் தேதி அதிகாலை 2.11. சென்னைப் பஞ்சாங்கத்தை அப்படியே நம்பியவர்கள் தேதியையே தவறவிட்டிருப்பார்கள். ஆயர் தாவார் பூமியின் நடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 4 பாகையில் இருக்கிறது. ஆகவே துருவ விண்மீன் நமக்குத் தொடுவானத்தை ஒட்டியே நிற்கும், மரங்கள் மறைத்துவிடும். அதற்கு ஈடாகத் தென்சிலுவை மே மாத முன்னிரவில் தெற்கே நன்றாகத் தெரியும்.

அடுத்து, மென்பொருள் சொல்வதை வானத்தில் சோதித்துப் பாருங்கள். விண்மீன்கள் நாள்தோறும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் ஆகிறது. கார்த்திகை என்னும் ஆறாமீனை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாருங்கள். ஜூலைத் தொடக்கத்தில் கிழக்கே தாழ்வாக இருக்கும். செப்டம்பரில் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். நவம்பரில் மேற்கே சாய்ந்திருக்கும். திரையில் மாதத்தை மாற்றினாலும் அதுவே தெரியும்.

படம் எடுக்க விரும்பும் பிள்ளைகள், எந்த நேரத்தில் எந்தத் திசையில் எது நிற்கும் என்பதை மென்பொருளில் முன்னதாகவே பார்த்து வைக்கலாம். நிலவில்லாத இரவில், விளக்கு வெளிச்சம் படாத திடலில், கைத்தொலைபேசியை அசையாதபடி நிறுத்தி, பத்து விநாடி ஒளியை வாங்கவிட்டால் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் பதியும். அதிக நேரம் விட்டால் புள்ளிகள் கோடுகளாக நீளும். அதுவும் பிழையன்று, பூமி 4 நிமிடத்திற்கு ஒரு பாகை சுழல்வதற்கு அக்கோடுகளே சான்று. சூரியனை மட்டும் தகுந்த வடிகட்டி இல்லாமல் கண்ணாலோ கருவியாலோ பார்க்கவே கூடாது.

படம் எடுத்ததும் ஊர், தேதி, நேரம் மூன்றையும் எழுதிவையுங்கள். அந்தப் படத்தைப் பாட்டியிடம் காட்டி, அந்த மீனுக்கு அவர்கள் சொல்லும் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். நினைவில் மட்டும் இருக்கும் அறிவு, அதை நினைத்தவரோடு போய்விடும். புதுச்சேரியில் வாரன் எழுதி வைக்காதிருந்தால் அந்தச் சோழிக் கணக்கு நடந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். நம் தோட்டத்து வானத்தை எழுதிவைக்க வேறொருவர் வரவேண்டியதில்லை. நம் பிள்ளைகளே போதும்.