பாவமும் சாதியும்: தமிழகத் திருச்சபையில் ஒரு நெடிய வழக்கு

பாவம், மனந்திரும்புதல், இரட்சிப்பு ஆகிய மூன்று சொற்களும் கிறித்தவ சமயத்தின் அடிப்படையாக நிற்பவை. நம் சங்கத்தில் இந்துக்களும் கிறித்தவர்களும் பவுத்தர்களும் உறுப்பினராய் உளர். ஆயினும் மாதா கோவிலோ வேதக்கோவிலோ நம் தெருக்களுக்கு அருகே எழுந்து நின்றமையால், இச்சொற்கள் நம் அனைவர் காதிலும் விழுந்தவையே. இவற்றின் பொருள் யாது, இவை நம் மக்களின் வாழ்வில் எங்ஙனம் தொழிற்பட்டன என்பதை நம் இளைஞர்கள் வரலாற்று நோக்கில் அறிதல் வேண்டும். ஒரு சமயத்தைப் பரப்புவதோ பழிப்பதோ நம் கருத்தன்று.

முதற்கண் கொள்கையைக் காண்போம். பாவத்தைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டில் பெரிதும் வழங்கும் கிரேக்கச் சொல் 'ஹமார்த்தியா' என்பது. இலக்குத் தவறுதல் என்பது அதன் முதற்பொருள். ஆதாமின் வீழ்ச்சியால் மனித குலம் முழுவதும் பாவத்துக்கு உட்பட்டது என்பதே ஜென்மப் பாவம் என்னும் கோட்பாடு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார் இதனை விரித்துரைத்தார். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும் இக்கோட்பாட்டில் நம் முன்னோர் வேறொன்றைக் கேட்டனர். முற்பிறவியில் செய்த தீவினையால் இழிபிறப்பு எய்தினீர் என்றே தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இப்புதிய போதனையோ, பிறப்பால் தாழ்ந்தவர் என்றால் அரசனும் ஆண்டையும் பண்ணையாளும் ஒரே அளவு தாழ்ந்தவரே என்றது. சேற்றில் நின்று நாற்று நட்டவர்க்கு இது சிறிய செய்தியா?

மனந்திரும்புதல் என்பதற்குரிய கிரேக்கச் சொல் 'மெட்டனோயா'. மனத்தின் போக்கே மாறுதல் என்பது பொருள். கத்தோலிக்க மரபு இதனை மூன்று உறுப்புகளாக வகுத்தது: செய்த பிழைக்கு வருந்தும் மனஸ்தாபம், குருவிடம் வெளிப்படச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், செய்த கேட்டுக்கு ஈடு செய்யும் பரிகாரம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தல் கடமை என்று 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்தது. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய குரலும் மனந்திரும்புதல் பற்றியதே. இரட்சிப்பு விலைக்குரியதன்று, இறைவன் அருளால் விசுவாசத்தின் வழியே கிட்டுவது என்பது அவர் கட்சி. இரு சாராரும் போற்றும் சுவிசேஷக் கதை ஒன்றுண்டு. வரி வசூலித்துச் செல்வம் சேர்த்த சகேயு மனம் மாறியபோது அழுததாக லூக்கா எழுதவில்லை. தன் ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்கு ஈவதாகவும், வஞ்சித்துப் பெற்றதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் கூறினான் என்றே எழுதியுள்ளார். இதனை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்க.

இனி வழக்குக்கு வருவோம். களவு, கொலை, விபசாரம், விக்கிரக ஆராதனை ஆகியவை பாவப் பட்டியலில் ஐயமின்றி இடம் பெற்றன. சாவான பாவம், அற்பப் பாவம் என்று தரமும் பிரிக்கப்பட்டது. சாதி எந்தப் பட்டியலில் சேர்ந்தது? அது பாவமா, அன்றி உலக வழக்கமா? நானூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கிறித்தவம் இவ்வினாவைச் சுற்றியே நடந்துள்ளது.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபையின் ராபர்ட் தெ நொபிலி, பிராமண சந்நியாசியின் கோலம் பூண்டு, சாதியாசாரம் சமயத்துக்குப் புறம்பான உலக வழக்கமே என வாதாடினார். தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் அவ்வாதத்தின் விலையை நம் மக்களே செலுத்தினர். தாழ்த்தப்பட்டோர் சாகுந் தருவாயில் இருக்கும்போதும் குரு அவர்தம் குடிசைக்குள் நுழைய மாட்டார் என்னும் நிலை ஏற்பட்டது. அவஸ்தைப் பூசுதல் என்பது சாகிறவனின் பாவம் நீங்கி அவன் கரையேறத் தரப்படுவது. அதற்கும் வாசற்படி தடையாயிற்று! ரோமாபுரியின் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில் இவ்வழக்கத்தைக் கண்டித்து விலக்கினார். பின்னர் நாற்பது ஆண்டுகள் வழக்காடி, 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் ஏற்பட்ட சமரசம் யாதெனில், தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருமார் இருப்பர் என்பதே. குடிசைக்குள் குரு வந்தார். ஆனால் அவர் வேறு குரு.

சீர்திருத்தச் சபையார் நிலையும் இதனினும் பெரிதும் வேறன்று. 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்குவின் அச்சகத்தில் தமிழ்ச் சுவிசேஷங்கள் 1714-இல் அச்சேறின. அந்நூலைப் படித்து மனம் மாறியவர்களுள் ஒருவர் இராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர், நம் குலத்தவர், கத்தோலிக்கராய் இருந்து 1727 அளவில் தரங்கம்பாடிச் சபையைச் சார்ந்தார். தஞ்சைச் சீமையில் உபதேசியாராய் ஊர் ஊராகச் சென்று பலரைச் சபையிற் சேர்த்தார். 1733-இல் வேளாளரான ஆரோனுக்கும் 1741-இல் தியோகுவுக்கும் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இராஜநாயக்கனின் பெயரும் ஆலோசிக்கப்பட்டது. ஆனால் பட்டம் கிட்டவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதியார் உடன்படார் என்பதே காரணம். விசுவாசம் ஒன்றினாலே இரட்சிப்பு என்று பறைசாற்றிய சபையில், விசுவாசத்திற் குறைவற்ற ஒருவரின் கை மட்டும் குறையுடையதாயிற்று. அவரோ உபதேசியாராகவே தொடர்ந்து உழைத்தார். நம் குழந்தைகளின் பாடநூல்களில் இவர் பெயரை நாம் கண்டதில்லை.

முதற்பெரும் மாற்றம் 1833-இல் வந்தது. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டுமெனச் சுற்றுக் கடிதம் விடுத்தார். இருக்கை, நற்கருணை, கல்லறை எதிலும் பிரிவு கூடாது என்றார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. பலர் கோவிலை விட்டே வெளியேறினர். தஞ்சைப் பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார் சாதியாசாரத்துக்கு ஆதரவாக முன்னரே நூல் எழுதியிருந்தார். அவருடைய கீர்த்தனைகளை நம் மக்களும் இன்றளவும் மனமுருகிப் பாடுகின்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு இன்னும் ஒரு படி சென்றது. சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்ணாதவர்க்கு ஞானஸ்நானம் கொடுக்கலாகாது என்று தீர்மானித்தது. நம் தாய்மார் ஆக்கிய சோறே பிறர் மனந்திரும்புதலுக்குத் தேர்வுத்தாள் ஆயிற்று! லைப்சிக் மிஷன் மட்டும் இதற்கு இணங்கவில்லை. சாதி ஒரு குடிமை வழக்கம், காலப்போக்கில் தானே தேயும் என்றார் அதன் தலைவர் கார்ல் கிரவுல். அது தேய்ந்ததா என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வேளாளரும் நாடாரும் தனித்தனியே நின்று வழிபட ஒரே பீடத்துக்கு இரண்டு சிறகுகளாகக் கோவில் கட்டி, இடையே தடுப்பும் வைத்திருந்தனர். 1910-இல் காசானெல் பாதிரியார் அத்தடுப்பை இடித்தபோது வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதி உரிமை கோரியவர் தோற்றனர். யூதர்க்கும் புறவினத்தார்க்கும் நடுவே நின்ற சுவரைக் கிறித்து தகர்த்தார் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை அவ்வூரார் ஆண்டுதோறும் கேட்டிருப்பர்.

சாதிப் பாகுபாட்டுக்குக் கிறித்தவத்தில் இடமில்லை, அது கிறித்தவத்தையே மறுப்பதாகும் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடி அறிக்கை விடுத்தனர். 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் அதனைக் கொடிய சமூகப் பாவம் என்றே பெயரிட்டனர். இடையில், 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு வேண்டித் தலித் கத்தோலிக்கர் போராடியதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் ஒருவர் அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை.

திருச்சபையின் சொந்த அளவுகோலையே கொண்டு பார்த்தால், மனஸ்தாபமும் சங்கீர்த்தனமும் ஆயின. பரிகாரம் எம்மட்டில் உள்ளது? குருமடங்களிலும் மிஷன் பள்ளி, கல்லூரிகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சென்று எண்ணிப் பார்த்தே இதற்கு விடை கூற இயலும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் அட்டவணைச் சாதியார் சலுகைக்குப் புறம்பே நிற்கும் நம் கிறித்தவ உறவினர்க்கு இவ்வெண்ணிக்கை வெறும் ஏட்டுக் கணக்கன்று.

நம் இளைஞர்கள் தத்தம் இல்லத்து முதியோரிடம், எந்த வாசல் வழியே கோவிலுக்குள் சென்றனர், எந்தப் பக்கம் அமர்ந்தனர், நற்கருணை வரிசையில் எப்போது அழைக்கப்பட்டனர் என்று கேட்டு, ஊர்ப்பெயரும் ஆண்டும் இட்டு எழுதி வருக. சங்க நூலகத்தில் அதற்கென ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டுள்ளது.