துண்டு முதல் பிரஜாவுரிமை வரை: மலையகத் தோட்டங்களில் சட்டச் சொற்களின் வரலாறு

இலங்கையின் மலையகத் தோட்டத் தொழிலாளருக்குச் சட்டம் அறிமுகமானது சட்டநூல்களால் அன்று, பிறர் கையில் இருந்த கடதாசிகளால். அவற்றுள் மிகக் கொடியது துண்டு.

தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பு மேற்பார்வையாளர் ஒருவரின் கீழிருந்த ஆட்களின் கடனைக் குறித்து, அத்தொகையைச் செலுத்துவோருக்கு அவர்களை விடுவிப்பதாக அதில் துரை ஒப்புக்கொள்வார். கங்காணி அச்சீட்டோடு வேறு தோட்டங்களுக்குப் போய்க் கேட்பார். கடனைக் கட்டிய துரையிடம் ஆட்கள் போய்ச் சேர்வார்கள். இந்தியாவிலிருந்து கடல் கடந்துவந்த வழிச்செலவும் பண்டிகை முற்பணமும் அக்கடனில் ஏறியிருக்கும். கணக்கு கங்காணியிடம், தொழிலாளி அறிந்தது அவர் வாயால் சொன்ன தொகையை மட்டுமே.

இத்தனைக்கும், சட்டத்தின் பார்வையில் தொழிலாளி மாதாந்த ஒப்பந்தத்தில் வேலை செய்த சுதந்திர மனிதர். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். ஆனால் அனுமதியின்றி வெளியேறுவதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறைக்குரிய குற்றமாக்கியது. வேலையிலிருந்து நீங்கியதற்கான பற்றுச்சீட்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. ஏட்டில் இருந்த உரிமையைக் கடனும் சீட்டும் சேர்ந்து வெறுமையாக்கின என்பதே என் முடிவு. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 'குறைந்தபட்ச வேதனம்' என்பதைக் கொண்டுவந்தது. 1929இல் உயர் மலைப்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது குறித்த இறாத்தலோ கிலோவோ குறைந்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழுவது 'அரைப்பேர்'. இன்றும் சம்பளத் தகராறுகள் பல இவ்வொரு சொல்லில்தான் தொடங்குகின்றன. இத்தகைய உரிமைகளை, எழுத்தறியாத மக்களிடம் கொண்டுசென்றவர்களில் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் நிறுவிய கோ. நடேசய்யரும், கூட்டங்களில் பாடிய அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் முக்கியமானவர்கள்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சொற்கள் இன்னும் கடுமையானவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் 'வம்சாவளிப் பிரஜை', 'பதிவுப் பிரஜை' எனப் பிரித்தது. வம்சாவளியை நிறுவத் தந்தையின் பிறப்பையோ பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்பையோ இலங்கையில் காட்டவேண்டியிருந்தது. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வசிப்பிடத்தை ஆதாரமாக ஏற்றாலும், 1946 ஜனவரி 1க்கு முன் இடையறாது வாழ்ந்ததை, மணமானவர் ஏழு ஆண்டுக்கும் மணமாகாதவர் பத்து ஆண்டுக்கும் நிரூபிக்க நேர்ந்தது. இடையில் இந்தியாவிலுள்ள சொந்த ஊருக்குப் போய்வந்த பயணமும் கேள்விக்குள்ளானது.

தகுதி பெறாதோர் 'நாடற்றவர்' ஆயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டன. தொழிலாளரைக் கேட்டு எழுதப்பட்ட எண்கள் அல்ல இவை.

நிரூபிக்கும் சுமையை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தளர்த்தியது. 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும், இலங்கையில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்களும், வேறு நாட்டுப் பிரஜாவுரிமை இல்லாதிருந்தால், விண்ணப்பமின்றியே பிரஜைகள் ஆயினர்.